ராஜாவுக்குக் காய்ச்சல் வந்த நாள்

ஹால் கதவில் தொங்கிய பூட்டைத் தொட்டேன். வெயிலில் காய்ந்து கிடந்த இரும்பு, விரலைச் சுட்டுவிட்டது.

நாமக்கல் பக்கம் ஒரு ஹாஸ்டல் பள்ளி. ஒன்பதாம் வகுப்பிலேயே பத்தாம் வகுப்புப் பாடத்தை ஆரம்பித்துவிடுவார்கள். அதனால் பிரெஞ்சுப் புரட்சிப் பாடமெல்லாம் பெயருக்குத்தான் புத்தகத்தில் இருக்கும்.

புதிதாக வந்த சோஷியல் மிஸ் மட்டும் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. "படிக்க வேண்டாம்பா, நடிச்சுப் பாப்போம்" என்றார். வகுப்பை மூன்றாகப் பிரித்தார். பாதிரியார்கள், பிரபுக்கள், மற்ற சனங்கள். பிரான்சில் கஜானா காலி, ரொட்டி விலை ஏறிவிட்டது, இனி யார் வரி கட்டுவது என்று மூன்று சபையும் வாதாட வேண்டும்.

நான் பிரபு. மேட்டூர் தினேஷ்தான் ராஜா, நல்ல உயரமாக இருப்பான் என்பதால். சனங்களுக்குத் தலைவன் செந்தில். பரமத்தி வேலூர் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த குடும்பத்துப் பையன்.

முதல் நாள் வகுப்பறையிலேயே வாதம் சூடுபிடித்தது.

"எங்க தாத்தன் காலத்துல இருந்தே நாங்க வரி கட்டுனதில்லீங்க. இப்ப எதுக்குங்க கட்டோணும்?" என்றேன். வகுப்பே சிரித்தது.

செந்தில் சிரிக்கவில்லை. "ஏனுங்க பிரபு, கஜானாவக் காலி பண்ணுனது நாங்களாங்க? சபைக்கு ஒரு ஓட்டுன்னா நீங்க ரெண்டு பேரும் சேந்துக்குவீங்க, நாங்க எப்பவும் தோத்துட்டே இருக்கோணும். தலைக்கு ஒரு ஓட்டு குடுங்க. அப்பறம் பேசலாம்."



அடுத்த வாரம் ஹாலில் இரண்டாம் கூட்டம். போனால் பூட்டு. பாடம் நடத்தாமல் நாடகம் போடுகிறார்கள் என்று யாரோ கரஸ்பாண்டென்டிடம் சொல்லிவிட்டார்களாம்.

மிஸ் பூட்டை இழுத்துப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "நெஜத்துலயும் இப்படித்தான்பா பூட்டுனாங்க. அவங்க வெளையாட்டுக் கூடத்துக்குப் போய், அரசியல் சட்டம் எழுதற வரைக்கும் கலைய மாட்டோம்னு சத்தியம் பண்ணுனாங்க. வாங்க."

வாலிபால் மைதானத்துக்குப் போனோம். பாதிரியார்கள் சனங்களோடு சேர்ந்துகொண்டார்கள். பிரபுக்களில் நானும் இன்னும் சிலரும் மைதானத்தின் நடுக்கோட்டைத் தாண்டிச் சனங்கள் பக்கம் போய் உட்கார்ந்தோம். ராஜா மட்டும் இல்லை. இரண்டு நாளாகத் தினேஷ் சிக் ரூமில் கிடந்தான்.

செந்தில் சத்தியம் செய்யக் கையை நீட்டினான். நாங்களும் நீட்டினோம்.

"ராஜாவுக்குக் காய்ச்சல். அவனோட ஊட்டுக்குப் போன் பண்ற வரைக்கும் நாங்க கலைய மாட்டோம்."

மிஸ் முகம் மாறிவிட்டது. "செந்தில், இது ஆக்டிங்பா."

"தெரியுமுங்க மிஸ். காலைல பாத்தேன், அவனுக்கு மூக்குல ரத்தம் வருதுங்க. வார்டன் மாத்திரை குடுத்துப் படுக்க வெச்சிருக்காரு. பரீட்சை முடியற வரைக்கும் ஊட்டுக்குச் சொல்ல மாட்டாங்களாமா."

மிஸ் புடவையை ஒதுக்கிக்கொண்டு எங்களோடு மண்ணில் உட்கார்ந்தார்.

மணி அடித்தது. யாரும் எழவில்லை. வார்டன் பிரம்போடு வந்தார், முதுகில் அடி விழுந்தது. அப்போதும் எழவில்லை. கடைசியில் கரஸ்பாண்டென்டே வந்துவிட்டார்.

"எவன்டா இதுக்குத் தலைவன்?"

செந்தில் எழுந்தான். "தலைவனெல்லாம் இல்லீங்க சார். போன் மட்டும் பண்ணுங்க."

பண்ணினார்கள். சாயங்காலம் தினேஷின் அப்பா வந்து, அவனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு சேலத்துக்கு ஓடினார். டெங்கு. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் எங்கள் கையில் இல்லை என்று டாக்டர் சொன்னாராம்.

மறுநாள் காலை செந்திலின் அப்பா வந்தார். ஆபீஸ் வாசலில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். நாங்கள் வெயிலில் முட்டி போட்டிருந்தோம். எல்லாம் காதில் விழுந்தது.

"பையன் தெரியாமப் பண்ணிப்போட்டானுங்க. இந்த ஒரு தடவ பொறுத்துக்கோங்க சாமி."

"தெரிஞ்சுதாம்ப்பா பண்ணுனேன்" என்றான் செந்தில்.

டி.சி. கொடுத்துவிட்டார்கள். பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு அப்பாவுக்குப் பின்னால் நடந்து போனான். மிஸ்ஸும் அந்த வாரத்தோடு போய்விட்டார். தினேஷ் உடம்பு தேறி வந்தபோது இரண்டு பேருமே அங்கே இல்லை.

இத்தனை வருடம் கழித்து, சென்ற மாதம் எங்கள் பள்ளி வாட்ஸ்அப் குரூப்பில் ரீயூனியன் பேச்சு எழுந்தது. "செந்தில கூப்புடோணும்" என்றான் தினேஷ். "அவன் நம்ம பேட்ச் இல்லயே மாப்ள, நம்மகூட முடிக்கலயே" என்று ஒருத்தன் பதில் போட்டான். தினேஷ் குரூப்பை விட்டு வெளியேறிவிட்டான்.

பிறகு நானும் தினேஷும் விசாரித்துக்கொண்டு பரமத்தி வேலூர் போனோம். செந்திலின் அப்பா வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"நடு வருசத்துல ஒரு பள்ளிக்கோடத்துலயும் சேத்துக்கலீங்க. போர்வெல் போடற ரிக் வண்டிக்கு வேலைக்குப் போனான். அப்பறம் வடக்க எங்கயோ, வண்டில கம்பி ஏத்தறப்ப அது மேல உழுந்து, அங்கயே போயிட்டானுங்க... அது ஆச்சுங்க, ரொம்ப வருசம்." பிறகு எங்களைப் பார்த்து, "நீங்க யாருங்க?" என்று கேட்டார்.

தினேஷ் யார் என்று நான்தான் சொன்னேன்.

அவர் எழுந்து வந்தார். தினேஷின் கையைப் பிடித்துக்கொண்டு முகத்தையே பார்த்தார்.

"அந்தக் காய்ச்சக்காரப் பையனா? இப்ப ஒடம்பு நல்லா இருக்குதா சாமி?"

தினேஷ் அங்கேயே உட்கார்ந்து அழுதான்.

இப்போது என் மகளுக்கு லேசாக உடம்பு சுட்டாலே பள்ளியிலிருந்து அழைப்பு வந்துவிடுகிறது. வெகு சாதாரணமாக, "வந்து கூட்டிட்டுப் போங்க சார்" என்கிறார்கள்.

சரி என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே நிற்கிறேன்... பிறகுதான் வண்டியை எடுக்க முடிகிறது.