காப்புக் கையோடு கோர்ட்டுக்கு

கல்யாணப் பத்திரிகையில் ஒரு பெயர் இரண்டு வரி கீழே இறங்கிவிட்டதால் எங்கள் வீட்டுக்குக் கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தது. கேட்பவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். ஆனால் நடந்தது அதுதான்.

பெயர் எங்கள் மாமாவுடையது, அதாவது அப்பாவின் அக்கா புருஷன். சித்தப்பா கல்யாணத்துக்கு அப்பாதான் பத்திரிகை அடித்தார். மூத்த மாப்பிள்ளை பெயரை முதலில் போட வேண்டியவர், அச்சாபீஸில் அவசர அவசரமாக எழுதிக் கொடுத்ததில் கீழே போட்டுவிட்டார். மாமா கல்யாணத்துக்கே வரவில்லை. அத்தையையும் அனுப்பவில்லை. தாயில்லாத அப்பாவை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அத்தை. ஊருக்கு வெளியே ஹெப்பகோடியில் இருந்த அவள் வீட்டுக்கும் நீலசந்திராவில் இருந்த எங்கள் வீட்டுக்கும் அன்றோடு போக்குவரத்து நின்றது. அப்பா ஆட்டோ வாங்குவதற்காக மாமா எப்போதோ கொடுத்திருந்த கடன் அதுவரை பேச்சுமூச்சில்லாமல் தூங்கிக்கொண்டிருந்தது. பத்திரிகை அதை எழுப்பிவிட்டது.

எங்கள் வக்கீல் கன்னடக்காரர். நல்ல மனுஷன், பீஸைக்கூட மெதுவாகத்தான் கேட்பார். கடனுக்கு அப்பா எழுதிக் கொடுத்த புரோநோட்டுக்கு மூன்று வருஷம் தாண்டிவிட்டதால் கேஸே செல்லாது என்றார். ஒரே ஒரு சிக்கல். நடுவில் அப்பா கொஞ்சம் பணம் கட்டி, நோட்டின் பின்பக்கம் கையெழுத்துப் போட்டிருந்தார். அதிலிருந்து கணக்குப் பார்த்தால் இன்னும் மூன்று வருஷம் ஆகவில்லை.

"நோடப்பா, ஒந்தே மாத்து" என்று வக்கீல் ஒரு விரலை நீட்டினார். "பின்னாடி இருக்கிற சைன் என்னுது இல்லேன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. அவ்வளவுதான், கேஸ் முடிஞ்சுது. இல்லேன்னா கோர்ட்டு அமீனா வந்து ஆட்டோவ எடுத்துக்குனு போயிடுவாங்க."

அப்பா தலையாட்டினார். அந்த ஆட்டோவில்தான் எங்கள் அரிசி, வாடகை, என் பள்ளிக்கூடம் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது.

அம்மாவுக்கு வக்கீலை விட மாரியம்மன் மேல்தான் நம்பிக்கை. வாய்தா தள்ளித் தள்ளி ஆடி மாசத்தில், எங்கள் ஏரியா கோயில் திருவிழா வாரத்தில் வந்து விழுந்தது. அம்மாவுக்கு அதுவே பெரிய உத்தரவாகப் பட்டது.

"ஆத்தாவே தேதி குறிச்சிருக்கா. நீங்க காப்பு கட்டிக்கினு போங்க, ஆட்டோவ எவன் எடுக்கறான்னு பாக்கலாம்" என்றாள்.

பூசாரி அப்பாவின் வலது மணிக்கட்டில் மஞ்சள் துண்டு வைத்துக் காப்புக் கட்டினார். கட்டிவிட்டு வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார். கவுச்சி கூடாது, சண்டை கூடாது, ராத்திரி எல்லை தாண்டித் தங்கக் கூடாது, பொய் கூடாது. அம்மா பக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கடைசியில் சொன்னது அவள் காதில் ஏறியதாகத் தெரியவில்லை. அப்பாவின் காதில் ஏறிவிட்டது.

என்னை விட்டுவிட்டுப் போக வீட்டில் ஆள் இல்லை. ஆட்டோவின் பின் சீட்டில் அம்மாவோடு நானும் கோர்ட்டுக்குப் போனேன். மாமா எதிர் வரிசையில் வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். நான் பழக்கத்தில் சிரித்துவிட்டேன். அவரும் பாதி சிரித்துவிட்டு, நினைவு வந்தவராக வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

அப்பா கூண்டில் ஏறினார். மாமாவின் வக்கீல் நோட்டைத் திருப்பிக் காட்டி, இது உங்கள் கையெழுத்தா என்று கேட்டார். அப்பா அதை வாங்குவதற்குக் கையை நீட்டினார். நீட்டிய கையில் காப்பு இருந்தது. நோட்டைப் பார்க்காமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். எங்கள் வக்கீல் இருமினார். மறுபடியும் இருமினார்.

"என் கையெழுத்துதான் சுவாமி. பணம் குடுக்கணும்" என்றார் அப்பா.

அம்மா என் கையை இறுக்கிப் பிடித்ததில் வளையல் அழுந்தியது. "அடப் பாவி மனுஷா" என்று மெல்லச் சொன்னாள். எங்கள் வக்கீல் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

நீதிபதி எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்தார். பிறகு, மொத்தமாகக் கொடுக்க வசதி இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றார் அப்பா. மாசா மாசம் தவணையாக வாங்கிக்கொள்ள உங்களுக்குச் சம்மதமா என்று நீதிபதி மாமாவைக் கேட்டார். மாமா எழுந்து நின்றார். ஜெயித்தவர் முகமாக அது இல்லை.

"சம்மதம்தான். ஆனா மணியார்டர் எல்லாம் வேணாங்க. அவனே வீட்டுக்கு வந்து குடுக்கட்டும்" என்றார்.

அப்படியே தீர்ப்பானது. ஆட்டோ எங்களிடமே இருக்கும், தவணை தவறாத வரைக்கும்.

வெளியே வந்ததும் மாமா எங்களைப் பார்க்காமல் பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தார். அப்பா ஆட்டோவை அவர் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்.

"ஏறுங்க மாமா. ரெண்டு பஸ் மாறணும்."

"மீட்டர் போடுவியா?"

"அதையும் கடன்ல சேத்துக்கறேன், ஏறுங்க."

மாமா ஏறி என்னை மடியில் வைத்துக்கொண்டார். அம்மா வழியெல்லாம் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

எனக்கு மாரியம்மன் மேல் கோபம். கூழ் ஊற்றிய அன்று நான் கும்பிடவே இல்லை. அம்மா அவ்வளவு வேண்டியும் நாங்கள் தோற்றுவிட்டோமே. அதை விட, எங்கள் அப்பாவுக்குத் தண்டனை கிடைத்துவிட்டதே. மாசா மாசம் அவ்வளவு தூரம் ஹெப்பகோடிக்குப் போய் வரவேண்டும் என்று நீதிபதி போட்ட தண்டனை. பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் அழுதுகொண்டே சொன்னேன். அவளும் பாவம் என்றாள்.

அந்தத் தண்டனையை அப்பா ஒரு மாசம் தவறவில்லை. சம்பாத்தியம் இல்லாத மாசத்திலும் எப்படியோ புரட்டிக்கொண்டு போனார். ஆனால் தண்டனைக்குப் போகிற மனுஷன் காலையிலேயே தலைக்குக் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையைத் தேடி எடுத்து, அத்தைக்கென்று மார்க்கெட்டில் ஒரு முழம் மல்லிகை வாங்கிக்கொண்டு, ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி ஏன் ஆட்டோவைக் கிளப்புகிறார் என்பதுதான் அந்த வயதில் எனக்கு விளங்கவேயில்லை.