படகின் முகம் எந்தப் பக்கம்

நின்றுகொண்டிருக்கும் எந்த வண்டியைக் கண்டாலும் ஷஃபியுல்லா அதன் முன்கம்பிக்கு அடியில் கையைக் கொடுத்து லேசாகத் தூக்கிப் பார்ப்பார். நெல் மூட்டை ஏற்றிய டிராக்டர் டிரெய்லராக இருக்கலாம், திருக்கழுக்குன்றம் சாலையில் மாட்டை அவிழ்த்துவிட்டு நிறுத்திய வைக்கோல் வண்டியாக இருக்கலாம், கல்யாண வீட்டுக்குப் பாத்திரம் கொண்டுபோகும் கைவண்டியாகக்கூட இருக்கலாம். கையில் ஏறும் கனத்தை வைத்து, "பின்னாடி பாரம் ஜாஸ்தி" என்றோ, "மூக்குல குந்திக்கினு கீது" என்றோ முணுமுணுத்துவிட்டு நகர்வார். வண்டிக்காரன் முறைத்தால் இவரும் முறைப்பார். மகள் ஃபக்ருன்னிசா பாவாடை கட்டிய வயதிலிருந்தே இதைப் பார்த்து வந்தவள். அப்போது வெட்கமாக இருந்தது. தினமும் ரயிலேறிப் போய் அந்தக் குடும்பத்தில் முதல் ஆளாகப் பட்டம் வாங்கிய பிறகு அந்த வெட்கம் எரிச்சலாக மாறியது. ஊரான் வண்டியில் பாரம் எந்தப் பக்கம் சாய்ந்தால் இவருக்கு என்ன?

அவருக்குச் செங்கல்பட்டு ஏரிக்கரைப் பக்கம் ஒரு வெல்டிங் பட்டறை இருந்தது. அதை ஒட்டியே வீடு. சுற்று வட்டாரத்தில் ஓடிய டிராக்டர் டிரெய்லர்களில் பாதி அவர் கையால் ஒட்டியவை. வேலை சுத்தம், வாய் மோசம் என்பது ஊர் தந்த சான்றிதழ். அந்த வாய்க்கும் ஒரு காரணம் இருந்தது. வாலிபத்தில் கூடுவாஞ்சேரியில் லாரிக்குக் கூடு கட்டும் பட்டறை ஒன்றில் வேலை பார்த்தார். யாரோ செய்த அச்சு முறிந்தது. பழி இவர் மேல் விழுந்தது. நாலு பேர் பார்க்க சட்டையைப் பிடித்துத் தள்ளி வெளியே அனுப்பினார்கள். பிறகு உண்மை தெரிந்தும் யாரும் வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தக் கதையை வருடத்துக்கு ஒரு முறையாவது வீட்டில் சொல்லுவார். சொல்லும்போதெல்லாம் கழுத்து நரம்பு புடைக்கும். "இனிமே எவனும் என் வேலையில குத்தம் சொல்லக்கூடாது" என்று முடிப்பார்.

எழுபத்தேழாம் வருடத்து மழைக்கு முன்னால், கால்வாயோரத்துக் கிராமங்கள் வெள்ளத்தில் மாட்டிக்கொண்டால் ஆட்களை மீட்க ஒரு படகு வேண்டும் என்று கடைவீதிக்காரர்கள் கமிட்டி போட்டார்கள். தலைவர் அரிசி ஆலை நரசிம்மன். பதினாலு அடி அலுமினியப் படகு ஒன்று வந்து சேர்ந்தது. தட்டினால் தகர டப்பா மாதிரி சத்தம் போடும். முன்பக்கம் மூக்கு மேலே தூக்கியிருக்கும். பின்பக்கம் வெட்டிவிட்டது போலத் தட்டையான ஒரு பின்தட்டு. அதில்தான் இன்ஜினைத் திருகி மாட்ட வேண்டும். எந்த ஊரில் தண்ணீர் ஏறுகிறதோ அந்த ஊருக்கு நரசிம்மனின் டிராக்டர் அதை இழுத்துப் போகும். அதற்கு டிரெய்லர் செய்யும் வேலை ஷஃபியுல்லாவுக்கு. படகை ஏற்றி இறக்கி ஓட்டும் வேலை மாமல்லபுரத்துக்கு அருகே ஒரு குப்பத்தைச் சேர்ந்த முனிசாமிக்கு.

முனிசாமிக்கு அது வெறும் கூலி வேலை அல்ல. கட்டுமரத்தோடு அலை புரட்டிப் போட்டதில் வலது தோள் எலும்பு விலகி, சரியாகக் கூடவில்லை. கடலுக்குப் போக முடியாத ஆளாகிவிட்டான். குப்பத்தில் கடலுக்குப் போகாத ஆண்பிள்ளைக்கு மரியாதை கிடையாது. கமிட்டிப் படகுதான் அவனை மறுபடியும் தண்ணீர்மேல் உட்கார வைத்தது. அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். "தகரமா இருந்தா இன்னா, மெதக்குதுல்ல."

டிரெய்லருக்கு அளவெடுத்த மத்தியானம் ஃபக்ருன்னிசா சோற்றுத் தூக்கோடு பட்டறைக்குள் நின்றிருந்தாள். அவள் அத்தா முட்டி போட்டுப் படகின் அடிவயிற்றில் சாக்பீஸால் கோடு இழுத்துக்கொண்டிருந்தார். இன்ஜின் கனம் முழுக்கப் பின்தட்டில் இறங்கும். அதனால் படகைத் தாங்கும் இரண்டு பலகைகளும் டிரெய்லரின் பின்கோடி வரை வந்து, பின்தட்டுக்கு நேர் கீழே முடிய வேண்டும். ஒரு சாண் குறைந்தாலும் பின்தட்டு அந்தரத்தில் தொங்கும். ரோட்டுக் குலுக்கலில் அடித்தகடு மடங்கிவிடும். முன்பக்கம் மூக்கு தூக்கியிருப்பதால் அங்கே பலகை தேவையில்லை. மூக்கை அணைத்துப் பிடிக்கக் கவட்டை மாதிரி ஒரு தாங்கி போதும். சட்டை தைப்பதுபோல அளந்தார். அளவில் அவருக்குப் பிழை கிடையாது.

முனிசாமி பீடியை அணைத்துவிட்டுக் கேட்டான். "பாய், இதுல அணியம் எந்தப் பக்கம் வரும்? டிராக்டர் பக்கமா, பின்னாடியா?"

அணியம் என்றால் குப்பத்துப் பேச்சில் படகின் மூக்கு.

"படகு ஓட்றது உன் வேல, டிரெய்லர் என் வேல. போய் டீ குடிப்பா."

"கேட்டது ஒரு வார்த்த. அதுக்கு இன்னாத்துக்கு இப்டி பொறி பறக்குது? வெல்டிங் ராட வாய்ல வெச்சுக்கினுதான் பேசுவியா?"

பட்டறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஷஃபியுல்லா சிரிக்காமல் அடுத்த கோட்டை இழுத்தார். முனிசாமி டீ குடிக்கப் போய்விட்டான்.

ஐப்பசியில் மழை விடாமல் பிடித்தது. பூஞ்சேரிப் பக்கம் கால்வாய் பொங்கி, ஒரு தெருவே கூரைமேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது என்று காலையில் ஆள் ஓடிவந்தது. முனிசாமி அவசர அவசரமாகப் படகை ஏற்றினான். மூக்கு பின்பக்கம், இன்ஜின் டிராக்டர் பக்கம். அவனுக்கு வேறு விதமாக ஏற்றத் தோன்றவே தோன்றாது. அந்தக் கரையில் பிறந்த எவனும் தண்ணீருக்குப் படகின் முதுகைக் காட்டி இறக்க மாட்டான். அலை பின்னால் ஏறி நிரப்பிவிடும். மூக்கால்தான் தண்ணீரை உடைக்க வேண்டும். டிரெய்லரின் முன்பக்கத்தில் படகின் அடியில் பள்ளமாக இருப்பதை அவன் பார்த்தான். வைக்கோலைத் திரட்டி அங்கே அடைத்தான். கல்பாக்கம் பஸ்கள்கூட நின்றுவிட்ட அந்த மழையில் வைக்கோல் நனைந்து கூழாகிவிட்டது. பின்தட்டு இன்ஜினோடு வெறும் காற்றில் ஆடிக்கொண்டே போயிற்று. பூஞ்சேரி போய்ச் சேர்ந்தபோது தட்டின் இரண்டு மூலைகளும் கிழிந்து வாய் பிளந்திருந்தன. படகு உதவவில்லை. முனிசாமி குப்பத்துக்கு ஓடி, கட்டுமரங்களைத் திரட்டிவந்து, விலகிய தோளோடு அவனும் துடுப்புப் போட்டு, இருட்டுவதற்குள் கூரைமேல் இருந்த எல்லாரையும் இறக்கினான்.

அதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. கமிட்டி பேசியது படகைப் பற்றி. பட்டறை வாசலிலேயே கூடினார்கள். ஃபக்ருன்னிசா ஜன்னலோரம் நின்று கேட்டாள்.

"டிரெய்லர் நீளம் பத்தலேன்னு சொல்றாங்க பாய்" என்றார் நரசிம்மன்.

ஷஃபியுல்லாவுக்கு முகம் சிவந்தது. டேப்பை எடுத்து எல்லார் முன்னாலும் அளந்து காட்டினார். படகைத் திருப்பி ஏற்றச் சொன்னார். பின்தட்டு பலகை முனையில் அச்சாக உட்கார்ந்தது. "பாத்துக்கங்க. எங்க பத்தல? தலகீழா ஏத்திட்டு என் மேல பழி போட்டா? இவன் நாளைக்குப் படகக் குப்புறக் கவுத்து ஏத்துவான். அதுக்கும் நானா பொறுப்பு?"

"எந்தப் பக்கம்னு அன்னிக்கே கேட்டேனா இல்லியா?" முனிசாமி முன்னால் வந்தான். "நெஞ்சத் தொட்டு சொல்லு பாய். இதே எடத்துல கேட்டேன்."

"எங்கிட்ட நீ ஒண்ணும் கேக்கல."

"கேக்கல?"

"கேக்கல. பொய் சொல்லாத."

அன்று சிரித்தவர்களில் இரண்டு பேர் அங்கே இருந்தார்கள். ஒருவன் தன் செருப்பைப் பார்த்தான். இன்னொருவன் பட்டறையில் கூலிக்கு இருப்பவன். நரசிம்மன் பெருமூச்சு விட்டு, "தப்பும் பண்ணிட்டுப் பொய்யும் சொன்னா எப்படிப்பா" என்றார். முனிசாமியின் வேலை அங்கேயே போயிற்று. அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தான்.

அன்று சாப்பாட்டில் உட்கார்ந்ததும் ஃபக்ருன்னிசா ஆரம்பித்தாள்.

"அத்தா, அவரு கேட்டாரு. நான் சோறு கொண்டாந்தப்ப கேட்டாரு."

"சும்மா இரு."

"நீங்க பதிலே சொல்லல. டீ குடிக்க அனுப்பினீங்க."

"சோத்தத் தின்னுட்டு சண்ட போடுங்க ரெண்டு பேரும்" என்றாள் அம்மா பதருன்னிசா.

"நான் ஒத்துக்கினேன்னு வெச்சுக்க" என்றார் அவர், தட்டைப் பார்த்தபடியே. "நாளைக்கு எவன் டிரெய்லர் ஒடஞ்சாலும் ஷஃபியுல்லா தலைலதான் விடியும். உனக்கு அது தெரியுமா?"

"கூடுவாஞ்சேரியில உங்கள அப்படித்தானே தள்ளுனாங்க?"

தட்டு சுவரில் மோதிக் குழம்பு வழிந்தது. அதோடு அன்றைய பேச்சு முடிந்தது.

அவளே நரசிம்மனின் ஆலைக்குப் போனாள். தவிட்டுப் புழுதியில் நின்று நடந்ததைச் சொன்னாள். அவர் பொறுமையாகத்தான் கேட்டார். "பாப்பா, நீ படிச்ச பொண்ணு, பொய் சொல்ல மாட்டே. ஆனா உங்க அப்பா இல்லேன்னு சொல்றத நீ ஆமான்னா, நான் எத வெச்சு கமிட்டியில பேசறது? அவரு வாயால ஒரு வார்த்த வரட்டும். முனிசாமிய நாளைக்கே கூப்ட்டுக்கறேன்."

ஒரு வார்த்தைதான். அவள் திரும்பி வந்து அதையும் அத்தாவிடம் சொன்னாள். அவர் முகமூடியை இறக்கிக்கொண்டு வெல்டிங்கைத் தொடர்ந்தார்.

ஆலையிலிருந்து திரும்பும் வழியெல்லாம் ஒரு கேள்வி அவளைக் குடைந்திருந்தது. இந்தக் கோபம் முனிசாமிக்காகவா? அல்லது படித்துவிட்டோம், அத்தாவைத் திருத்தலாம் என்ற திமிரா? இரண்டும் இருக்கலாம் என்று பட்டது. அதனால் கோபம் குறைந்துவிடவில்லை.

அதற்குப் பிறகு ஷஃபியுல்லா ஒரு காரியம் செய்தார். யாரும் கேட்காமலே அந்த டிரெய்லரைப் பட்டறைக்கு இழுத்துவந்து, தன் இரும்பைப் போட்டு, பலகைகளை முன்கோடி வரை நீட்டினார். முன் கவட்டையைக் கழற்றி மாட்டுவதுபோல் மாற்றினார். எந்தப் பக்கம் திருப்பி ஏற்றினாலும் பாரம் சமமாக நிற்க, அச்சை நகர்த்திப் பொருத்த இரண்டு இடம் வைத்தார். முடித்ததும் முன்கம்பிக்கு அடியில் கையைக் கொடுத்துத் தூக்கிப் பார்த்தார். வெகுநேரம் பிடித்துக்கொண்டே நின்றார்.

"இப்ப எப்படி ஏத்தினாலும் நிக்குதே பாய்" என்று நரசிம்மன் பாராட்டினார். வாயைத் திறக்க அதைவிட நல்ல நேரம் வாய்த்திருக்காது. ஃபக்ருன்னிசா வாசலில் நின்று அவர் வாயையே பார்த்தாள். "பெயிண்ட் காயட்டும்" என்றார் ஷஃபியுல்லா.

இரும்பில் ஒப்புக்கொண்டவர் வாயால் ஒப்புக்கொள்ளவில்லை. படகுக்கு வேறு ஆள் வந்துவிட்டான். முனிசாமி ஒரு சவுக்குத் தோப்பில் காவலுக்கு இருப்பதாகச் சொன்னார்கள்.

எழுபத்தொன்பதில் ஒரு காலை, பட்டறையைத் திறந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. அடக்கம் முடிந்து வந்த சித்தப்பா நூர்முகமது பெண்கள் இருந்த அறைக்கு வெளியே நின்று சொன்னார். இறந்தவருக்கான தொழுகைக்கு முன்னால் வழக்கப்படி கூட்டத்தைப் பார்த்து, 'மய்யித்து யாருக்காவது கடன் பாக்கி வெச்சிருந்தா சொல்லுங்க, நாங்க பொறுப்பு' என்று கேட்டாராம். "ஒருத்தர்கூட வாயத் தொறக்கல. எங்கண்ணன் யாருக்கும் ஒரு பாக்கி வெக்காமப் போயிட்டாரு." அறையில் எல்லாரும் அழுதார்கள். ஃபக்ருன்னிசாவுக்கு அழுகை நின்றுபோயிற்று.

நாற்பதாம் நாள் கழிந்ததும் அவள் பஸ் ஏறினாள். முனிசாமி தோப்பு ஓரத்தில் குந்தியிருந்தான். மனைவி கன்னியம்மா கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டு, யாரோ என்று பார்த்தாள்.

"எங்க அத்தா சொன்னது பொய். நீங்க கேட்டீங்க. எனக்குத் தெரியும். எங்க குடும்பத்து சார்பா..."

"உனக்குத் தெரியும். எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்." அவன் குரல் உயரவில்லை. "நானும் அன்னிக்கு வந்தேம்மா. பள்ளிவாசல் மதிலுக்கு வெளிய நின்னுகினு இருந்தேன். யாருக்குனா பாக்கி கீதான்னு கேட்டாரே உங்க சித்தப்பா, அது காதுல வுழுந்துது."

"அப்பவே சொல்லியிருக்கலாமே. எல்லாரும் இருந்தாங்களே."

"சொன்னா இன்னா குடுப்பாங்க? துட்டு குடுப்பாங்க. நாலு பேரு முன்னாடி என்னப் பொய்யன்னாரு. அதே நாலு பேரு முன்னாடி அவருதான் அந்த வார்த்தைய திருப்பி எடுக்கணும். பொணத்தப் பாத்து நான் இன்னா கேக்கறது?"

அவள் தலை குனியவில்லை, அவனையே பார்த்தாள். "நான் எடுத்தா?"

"நீ அப்ப குழந்த மாதிரி சோத்துத் தூக்க வெச்சுக்கினு நின்னுகினு இருந்த. உன் பேர்ல பாக்கி ஒண்ணும் இல்ல." கஞ்சிச் சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். "அவரு பேர்ல கீது. அது அப்டியே கிடக்கட்டும். போம்மா, பஸ் வந்துடும்."