எர்த் குழிக்கு ஒரு குடம் தண்ணி

ஆமா அம்மிணி, நம்மூட்டுக்கு வயரிங் பண்ணுனது பொம்பளப் புள்ளதான்! நீ நம்ப மாட்டீன்னு எனக்குத் தெரியும். அத்தன கொண்டை ஊசி வளைவும் ஸ்கூட்டர்லயே ஏறி வந்துச்சு. கழுத்துல லைசென்ஸ் அட்டை தொங்குது. எனக்கு எழுத்துத் தெரியாட்டி என்ன, போட்டோ தெரியாதா? அட்டையையும் மூஞ்சியையும் மாத்தி மாத்திப் பாத்து, "நீயேதான் சாமி"ன்னேன். விழுந்து விழுந்து சிரிக்குது.

போறப்ப ஒண்ணு சொல்லுச்சு பாரு. "அம்மாயி, எர்த் குழிக்குத் தெனம் ஒரு குடம் தண்ணி ஊத்துங்க"ன்னு. 

எங்க மாமன் சொன்ன அதே சொல்லு. எங்கம்மாவோட தம்பி. நான் சின்னப் புள்ளையா இருந்தப்ப எங்கூட்டுக்கு வயர் இழுத்தது அவருதான். கை அத்தன சுத்தம். ஆனா லைசென்ஸ் இல்ல. லைசென்ஸ் வச்சிருந்தவரு கீழ கடை போட்டிருந்தாரு. மலை ஏறுனா தலை சுத்துமாம். ஊட்டப் பாக்காமயே கையெழுத்துப் போட்டுட்டாரு. மாமனும் தனக்கு லைசென்ஸ் கேட்டு எழுதிப் போட்டுட்டு, இன்னைக்கு வரும் நாளைக்கு வரும்னு இருந்தாரு.

குழியில கரியும் உப்பும் அடுக்கடுக்காப் போட்டாரு. "ஊறுகாயா மாமா?"ன்னேன்.

"ஆமா கண்ணு, கரண்டுக்கு ஊறுகா. காயக் கூடாது. எங்கியாவது வயர் கசிஞ்சா இந்த ஈரத்துல எறங்கிப் போயிரும். தெனம் ஒரு குடம் ஊத்தோணும். உன்னைய நம்பித்தான் இருக்கறேன்"னாரு.

அது சித்திரை வெயிலு. தண்ணி எடுக்குற ஊத்து எங்கியோ கீழ கெடக்குது. எடுத்தாந்த குடத்த நான் என் அவரைக்கொடிக்கு ஊத்திட்டேன். அது பிஞ்சு விட்டிருந்துச்சு அம்மிணி. குழி என்ன, வாடியா போகும்?

ஒரு நா மாட்டுக்கொட்டாயில வயர் தகரத்துல ஒரசித் தோலு உரிஞ்சு, இரும்புக் கம்பத்துல கரண்டு ஏறிருச்சு. எங்க செவலை மாடு தண்ணி குடிச்ச ஈர மூக்கோட அதத் தொட்டுச்சு. கத்தக்கூட இல்ல, அப்படியே சாஞ்சிருச்சு. கன்னுக்குட்டி நின்னு மடியத் தேடுது.

கீழ கரண்டாபீசுல இருந்து ஆபீசர் வந்து மாட்டுகிட்ட நின்னு பாத்தாரு. மாமன் குழியத் தோண்டி மண்ண அள்ளுனாரு. திருநீறாட்டம் பறந்துச்சு. என்னையப் பாத்தாரு. நான் அம்மா சீலைக்குள்ள பூந்துக்கிட்டேன். சட்டுனு கால்ல மண்ணத் தள்ளிக் குழிய மூடிட்டாரு.

"ஏம்ப்பா, தண்ணி ஊத்துனாங்களா?"ன்னாரு ஆபீசர்.

"பாப்பா தெனம் ஊத்துச்சுங்க சார். நாந்தான் கரியும் உப்பும் கொறச்சுப் போட்டுட்டனுங்க. என் தப்புத்தானுங்க."

ஆபீசர் காயிதத்துல என்னமோ எழுதுனாரு. எனக்குச் சந்தோசம் தாங்கல. அடி இல்ல, திட்டு இல்ல! ஓடிப்போயி அவரைப் பிஞ்சப் பறிச்சாந்து மாமன் கையில குடுத்தேன். வாங்கி மடியில கட்டிக்கிட்டாரு.

அதுக்கப்புறம் அவரு திருப்புளியத் தொடல. மிளகு பறிக்க ஏணி தூக்கியே காலம் போச்சு. அவரு கண்ண மூடுன பொறவு பொட்டியத் தொறந்தா, லைசென்ஸ் அட்டையில ஒட்டறதுக்குன்னு எடுத்த போட்டோ ரெண்டு. எரவல் கோட்டு மாட்டி, தலையப் படிய வாரி. ஆபீசர்கிட்ட அவரு சொன்ன அந்த ஒரு பேச்சுல என்ன போச்சுன்னு அன்னைக்கு எனக்கெங்க தெரியுது? எனக்காவ மாமன் ஒரு பொய் சொன்னாரு, அவ்வளவுதான்னு பாண்டி ஆடப் போயிட்டேன்.

அடடா, வெயிலு தலைக்கு வந்திருச்சே! அந்தக் குடத்த இப்படி நவுத்து அம்மிணி. குழிக்கு இன்னும் ஊத்தல.