ஆர்லெத்துக்கு வந்த கார்னேஷன்

பாரிசுக்குப் படிக்க வந்த புதிதில், மெனில்மோந்தான் மேட்டில் இருக்கும் கிரியோன் அரங்கில் டிக்கெட் கிழிக்கும் வேலை கிடைத்தது. முதல் நாளே சீட்டியடித்துக்கொண்டு உள்ளே போனேன். டார்ச் வெளிச்சம் முகத்தில் அடித்தது.

"மாடு மேய்க்கிற இடம்னு நெனச்சியா? அரங்குக்குள்ள சீட்டியடிச்சா கூரை தலையில விழும்!"

"எங்க ஊர்ல சீட்டியடிச்சாத்தான் மாடே பால் கறக்கும், மதாம்."

"இங்க நான் ஒருத்திதான் இருக்கேன். கறக்க மாட்டேன். போ."

அதுதான் மதாம் ஆர்லெத். வருகிறவர்களுக்கு டார்ச் அடித்து இருக்கை காட்டுவது அவள் வேலை. அவள் சேர்ந்த காலத்தில் அங்கே இறகு கட்டிய பெண்கள் ஆடினார்கள். பிறகு சினிமா வந்தது. பிறகு பூட்டிக் கிடந்தது. திறந்தபோது நாடகம் வந்தது. எது வந்தாலும் இருட்டு ஒன்றுதானே என்று அவளும் திரும்பி வந்தாள்.

எதிர்த் தெருவில் நாலாம் மாடியில் அவளுக்கு ஓர் அறை. கல்யாணம் ஆகவில்லை. அரங்குக்குத் திங்கட்கிழமை விடுமுறை. அன்றைக்கு அவள் வாய் திறப்பது ரொட்டிக்கடைக்காரியிடம் மட்டும்தான்.

கிரியோனில் ஒரு பழைய வழக்கம் இருந்தது. ஆண்டுதோறும் கோடை விடுமுறைக்கு முந்தைய கடைசிக் காட்சியன்று நிர்வாகி பூ கொடுப்பார். ரோஜா வந்தால் அடுத்த ஆண்டும் வேலை உண்டு. கார்னேஷன் வந்தால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். வாய்விட்டு யாரும் எதுவும் சொல்வதில்லை. லினா என்ற பாடகி கார்னேஷனைப் பார்த்ததும் பாதி ஒப்பனையோடு கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பியதை ஆர்லெத் கண்ணால் பார்த்தவள். பெட்டியைத் தூக்கிப் போய்த் தெருவில் விட்டவளும் அவள்தான்.

நான் சேர்ந்த பிறகு வந்த கோடையில் பழுது பார்க்க அரங்கை மூடினார்கள். திறக்கும்போது யார் யாருக்கு வேலை இருக்கும் என்று யாருக்கும் தெரியவில்லை. காப்பீட்டுக் கம்பெனியிலிருந்து வந்த புது நிர்வாகி பெலார், கடைசி நாள் வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் பூ கொடுத்தார். மறந்துபோன கையுறை ஏதாவது கிடக்கிறதா என்று இருக்கைகளுக்கு அடியில் தேடிவிட்டு ஆர்லெத் கடைசியாக வந்தாள். எல்லோர் கையிலும் ரோஜா. அவள் கையில் பெலார் வைத்தது கார்னேஷன்.

"நல்லா ஓய்வெடுங்க, மதாம்!" என்று சிரிக்க வேறு செய்தார்.

அவள் டார்ச்சை மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

இலையுதிர் காலத்தில் அரங்கு திறந்தது. அவள் வரவில்லை. சில வாரம் பார்த்துவிட்டு, உடம்புக்கு முடியவில்லை போலும் என்று பெலார் நதீன் என்ற பெண்ணை அவள் இடத்தில் வைத்தார். குளிர் ஏறியபோது பெலார் மூச்சு வாங்க நாலு மாடி ஏறி வந்தார்.

"என்ன மதாம், எங்களை மறந்துட்டீங்களா?"

அவள் ஜன்னலோரத்துக் குவளையைக் காட்டினாள். கார்னேஷன் காய்ந்து சருகாகி நின்றது. அது என்ன சொல்கிறது என்று அவரிடம் விளக்கினாள்.

பெலார் தலையில் கைவைத்தார். "ஐயோ, பூ குடுக்கணும்னு மட்டும்தான் எங்கிட்ட சொன்னாங்க! உங்க முறை வந்தப்ப ரோஜா தீந்துபோச்சு! பக்கத்துல ஓடிப்போய் கிடைச்சதை வாங்கிட்டு வந்தேன். நாளைக்கே வாங்க."

"அந்த நதீனுக்கு வேற வேலை இருக்கா?"

அவர் இல்லை என்று தலையசைத்தார்.

"அப்ப நான் வந்தா, அவளுக்கு நான் கார்னேஷன் குடுத்த மாதிரிதான். இது அதை வாங்கின கை. குடுக்கவும் வேணுமா? போய்ட்டு வாங்க மிஸ்யூ, படி இருட்டு, பாத்து எறங்குங்க."

ஆர்லெத் இப்போதும் அந்த நாலாம் மாடியில்தான் இருக்கிறாள். காட்சி நாட்களில், குளிரானாலும், அரங்கின் கைதட்டல் கேட்க ஜன்னலைத் திறந்து வைக்கிறாள்.