நான்கு முறை முடிந்த மனு

1. மேடையில் என் வரி

சிவகாசியில் ஒரு கல்யாண மண்டபம், அரசு விழா. அமைச்சர் கையில் இருந்த உரையில் நான்காவது பத்தி நான் எழுதியது. மேடைக்குப் பக்கத்தில் தாள்கட்டோடு நின்றுகொண்டு, அது எப்போது வரும் என்று காத்துக்கொண்டிருந்தேன். வந்தது. இந்த வட்டாரத்து மக்கள் கொடுத்த மனுக்களில் ஒன்றுகூட நிலுவையில் இல்லை என்று அவர் படித்தார். பட்டாசுக் கம்பெனிகளிலிருந்து வேனில் வந்திருந்த பெண்கள் கைதட்டினார்கள். பொய் சொல்வானேன், எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

அப்போது நான் விருதுநகரில் ஓர் அரசு அலுவலகத்தின் மனுப் பிரிவில் உதவியாளர். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருடங்கள். ஆமத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவேன். எனக்கு ஒரு கிறுக்கு உண்டு. நான் எழுதுகிற வரி எங்கெல்லாம் போகிறது என்று அதன் பின்னாலேயே போய்ப் பார்ப்பேன். என் மேஜையில் கிளம்புவது கண்காணிப்பாளரிடம் போகும், அங்கிருந்து பெரிய அதிகாரிக்கு, அங்கிருந்து சென்னைக்கு. சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கை வருகிறபோது, அமைச்சர் வைக்கிற கொள்கை விளக்கக் குறிப்பை வாங்கி, எங்கள் மாவட்டம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடுவேன். சட்டசபையை நடத்துவதே நீதானே என்று பிரிவில் கேலி செய்வார்கள். செய்யட்டும். அந்தச் செவ்வாய்க்கிழமை என் வரி ஒலிபெருக்கியில் வந்தது, அவர்கள் வரி வரவில்லை.

2. பேச்சியம்மாள் வந்தார்

மறுநாள் புதன்கிழமை. அலுவலகம் திறக்கிறபோதே பேச்சியம்மாள் என் மேஜைக்கு எதிரில் நின்றார். தாயில்பட்டிப் பக்கம் ஒரு கம்பெனியில் சரவெடி பின்னுகிறவர். சீசன் நேரத்தில் லீவு போட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"நேத்து நானும் மண்டபத்துல இருந்தேம்மா. ஒண்ணுகூட பாக்கி இல்லேன்னு அமைச்சரே சொல்லிட்டாக. எம் மக சாதிச் சான்று வந்துருச்சுல்ல? குடுங்க, பத்தரை பஸ்ஸப் பிடிக்கணும்."

திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன், அதில் எனக்கு நல்ல பழக்கம். அவர் நம்பிக்கொண்டு வந்திருந்தார்.

மகள் கனி பிளஸ் டூவில் நல்ல மார்க். ஆசிரியர் பயிற்சிக்கு வெள்ளிக்கிழமை கலந்தாய்வு. பள்ளிக்கூடத்தில் கொடுத்த தற்காலிகச் சான்று செல்லாது, நிரந்தரச் சான்று அசலாகக் கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இட ஒதுக்கீடு போச்சு, சீட்டும் போச்சு. "கெடைக்கலேன்னா அடுத்த வாரம் அவளும் என்கூட கம்பெனிக்கு வருவா, அங்கன ஆள் எம்புட்டு வந்தாலும் எடுப்பாக" என்றார். அழவில்லை. நடக்கப்போவதைச் சொன்னார், அவ்வளவுதான்.

பதிவேட்டை எடுத்தேன். அவர் மனு இருந்தது. ஒரு முறை இல்லை, நான்கு முறை. நான்கு இடத்திலும் கடைசிக் கட்டத்தில் என் கையெழுத்தில் 'என்.டிஸ்.' என்று இருந்தது.

வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு மனு நம்முடைய அலுவலகத்து வேலை இல்லை என்றால், அந்த அசல் மனுவையே உரிய அலுவலகத்துக்கு அனுப்பிவிடுவோம். இங்கே தாள் எதுவும் தங்காது. அதற்குப் பெயர் என்.டிஸ். அனுப்பியதும் நம் கணக்கில் மனு முடிந்தது. விதிப்படி அதில் ஒரு பிசகும் கிடையாது. மாசக் கடைசியில் நிலுவைக் கட்டத்தில் 'இல்லை' என்று எழுதிவிட்டு, நான் நிம்மதியாக பஸ் ஏறுவேன்.

பேச்சியம்மாள் குடும்பம் பிழைப்புக்காக ஊர் மாறிய குடும்பம். கனி பிறந்த ஊர் ஒரு தாலுகா, இப்போது குடியிருப்பது அடுத்த தாலுகா. சொந்த ஊரில் விசாரித்து வரட்டும் என்று இந்தத் தாசில்தார் அலுவலகம் சொன்னது. இங்கே குடியிருப்பே இல்லை என்று அந்தத் தாசில்தார் அலுவலகம் சொன்னது. அவர் திரும்பத் திரும்ப எங்களிடம் மனு கொடுத்தார். நான் இங்கே ஒரு தடவை, அங்கே ஒரு தடவை என்று அனுப்பி, நான்கு தடவையும் முடித்துவிட்டேன். நான்கையும் சேர்த்துப் பார்க்க எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. வரிக்குப் பின்னால் போகிறவள் மனுவுக்குப் பின்னால் போகவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

3. அரைப்பக்கக் குறிப்பு

வியாழக்கிழமை காலை அமைச்சரின் ஆய்வுக் கூட்டம். அவருக்கான கோப்பை அடுக்குவது எங்கள் பிரிவு வேலை. பேச்சியம்மாளிடம் கம்பெனி போன் நம்பரை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டு, அரைப்பக்கம் எழுதினேன். மனுதாரர் பெயர், நான்கு தேதி, நான்கு என்.டிஸ்., வெள்ளிக்கிழமை கலந்தாய்வு. வேறு ஒரு சொல் கிடையாது. அதைக் கண்காணிப்பாளரிடம் நீட்டினேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தார். அமைச்சர் மேடையில் சொன்னது தப்பு என்று அமைச்சரிடமே எழுதிக் கொடுக்கிறாயா என்று கேட்டார். ஒழுங்கு நடவடிக்கை என்று 17(ஏ) குறிப்பாணை வரும், பதவி உயர்வுப் பட்டியல் வருகிற நேரம் என்றும் சொன்னார். அவர் சொன்னது உண்மைதான். என் பெயர் அந்தப் பட்டியலில் இருந்தது. பயமாகவும் இருந்தது. ஆனால் இந்தத் தாள் போனால் என்ன நடக்கும் என்று பார்க்கிற ஆசை பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

"வந்தா வாங்கிக்கிறேன் சார்" என்றேன்.

அவர் பென்சிலை எடுத்து, நான் தவறாக எழுதியிருந்த ஒரு தேதியைத் திருத்தினார். சுருக்கொப்பம் போடவில்லை. "இத நான் பாக்கலம்மா" என்று சொல்லி, கோப்பில் வைக்கும்படி என்னிடமே திருப்பித் தந்தார்.

4. இரண்டு நாற்காலி

கூட்டத்தில் கடைசி வரிசையில், கோப்புகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாலை, குடிநீர் எல்லாம் முடிந்து அமைச்சர் பக்கத்தைப் புரட்டினார். நின்றார். மறுபடி படித்தார்.

"ஒரே மனு நாலு தரம் முடிஞ்சிருக்கு. அதெப்படி முடியும்?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்டார். பெரிய அதிகாரி என்.டிஸ். என்றால் என்ன என்று விளக்கினார். அமைச்சர் தலையாட்டிக்கொண்டே, இதை எழுதியது யார் என்றார்.

எழுந்தேன். "நான்தாங்கய்யா. முந்தாநாள் நீங்க மேடையில படிச்ச வரியும் நான் எழுதினதுதான்."

"ரெண்டுல எதும்மா நெசம்?"

"ரெண்டும் ரூல்படி சரிதாங்கய்யா. அந்தம்மா கையில சான்று இல்ல."

எந்த இரண்டு தாலுகா என்று அமைச்சர் கேட்டார். இரண்டு தாசில்தார்களும் எழுந்தார்கள். பக்கத்துப் பக்கத்து நாற்காலி. நடுவில் இருந்த பிஸ்கட் தட்டு ஒன்றுதான், இரண்டு பேருக்கும் பொது.

"நாலு மாசமா நீங்க அவரைக் கேக்கச் சொல்றீக, அவரு ஒங்களைக் கேக்கச் சொல்றாரு. இப்ப கேட்டுக்கங்க" என்றார் அமைச்சர்.

கேட்டுக்கொண்டார்கள். கிராம நிர்வாக அலுவலருக்கு அங்கிருந்தே போன் போனது. நான் வெளியே ஓடி, பேச்சியம்மாள் கம்பெனிக்கு போன் போட்டேன்.

விளைவு எனக்கும் வந்தது. அடுத்த வாரம் குறிப்பாணை வந்தது, தவறான தகவல் தந்தது ஏன் என்று விளக்கம் கேட்டு. எழுதிக் கொடுத்தேன். எச்சரிக்கையோடு விட்டார்கள். பதவி உயர்வு ஒரு வருடம் தள்ளிப்போனது. வயிற்றெரிச்சலாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மாதத்திலிருந்து அனுப்பிய மனுக்களுக்கு ஒரு தனி நோட்டுப் போட்டேன். போன இடத்தில் என்ன ஆனது என்று தெரிகிறவரை அதில் அடிக்க மாட்டேன். மேலே போகிற அறிக்கையின் நிலுவைக் கட்டத்திலும் அதே எண்ணிக்கையை எழுதினேன். நிலுவை திடீரென்று ஏன் கூடியது என்று சென்னையிலிருந்து கேட்டார்கள். கூடவில்லை, இப்போதுதான் எண்ணுகிறோம் என்று பதில் போட்டோம். அதில் கண்காணிப்பாளர் சுருக்கொப்பம் போட்டார்.

5. வியாழக்கிழமை சாயங்காலம்

ஐந்து மணிக்கு ஜீப்பில் சான்று வந்தது. பேச்சியம்மாளும் கனியும் நாலு மணிக்கே வந்து உட்கார்ந்திருந்தார்கள். வேலையிலிருந்து அப்படியே வந்தவர், விரல் இடுக்கில் வெடிமருந்துத் தூள் இன்னும் போகவில்லை. அழுக்காகிவிடும் என்று சான்றைத் தொடாமல், மகளை வாங்கிக்கொள்ளச் சொன்னார். கனி பெயரை ஒரு தரம், ஊரை ஒரு தரம் படித்துப் பார்த்துப் பைக்குள் வைத்தாள்.

என்ன கூத்தெல்லாம் நடந்தது என்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. ஆனால் நன்றி என்று ஒரு வார்த்தையை எதிர்பார்த்தேன், மனுசிதானே நானும்.

"அமைச்சர் செவ்வாக்கிழமையே முடிச்சுட்டாக. ஒங்க ஆபீஸ்லதான் ரெண்டு நாள் பிந்திருச்சு" என்று சிரித்தார் பேச்சியம்மாள். "பரவால்ல, விடுங்கம்மா."

மகளைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார். நான் உட்கார்ந்து பதிவேட்டைத் திறந்தேன். ஐந்தாவது முறையாக அந்த மனுவை முடித்தேன். என்.டிஸ். என்று எழுதவில்லை. 'சான்று மகள் கையில் கொடுக்கப்பட்டது' என்று முழுசாக எழுதினேன்.