அண்ணியின் முட்டைத் தூள்

அண்ணி அந்த டின்னின் மூடியைக் கரண்டிக் காம்பால் நெம்பித் திறந்தபோது, உள்ளே இருப்பது கடலை மாவு என்றுதான் நினைத்தேன். வெளிர் மஞ்சள் நிறம். விரலால் தொட்டால் முகப் பவுடரைப் போல வழுக்கியது. மூக்கருகே கொண்டு போனேன். பிஸ்கட் வாசமா, கோழிக்கூட்டு வாசமா என்று சொல்ல முடியவில்லை. "முட்டைதான். காய வச்சுத் தூளாக்கினது. தண்ணி ஊத்துனா திரும்ப முட்டையாயிரும்," என்றார் அண்ணி. அடுப்படி வாசலில் நின்று எட்டிப் பார்த்த அண்ணன் மகள், "பொய்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். லீவில் வந்து இறங்கிய தன் தாயிடம் அவள் நேராகப் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

அண்ணி வளைகுடா நாட்டில் ஒரு வீட்டுக்குச் சமையல் வேலைக்குப் போனபோது அவள் தத்தித் தத்தி நடந்துகொண்டிருந்தாள். அண்ணனுக்கு மொனராகலையில் கடை வேலை. மாதம் ஒருமுறை வருவதே பெரிய காரியம். கொஸ்லந்தைக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில், வரிசையாய் ஒட்டிக் கட்டிய எங்கள் லயத்து வீட்டில் அவளை வளர்த்தது நான்தான். தோட்டப் பள்ளியில் படிப்பித்துவிட்டு வந்து அவளுக்குத் தலை வாரிவிடுவேன், காய்ச்சல் வந்தால் பண்டாரவளைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். அண்ணி லீவில் வரும்போதெல்லாம் பெட்டி நிறையச் சாமான் வரும். அவள் சாமானை வாங்கிக்கொள்வாள். தாயை 'அவங்க' என்பாள். தொலைபேசியில் பேசச் சொன்னால், "நல்லா இருக்கேன், அத்தைகிட்ட குடுக்கிறேன்," என்று என் கையில் திணித்துவிடுவாள்.

அந்த வருடம் அவள் பள்ளியில் சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்திருந்தாள். எங்கள் தேயிலை மலைகளின் வழியே வெள்ளைக்காரர்கள் பெரிய பெரிய முதுகுப்பைகளோடு நடந்து போவதைச் சின்ன வயதிலிருந்தே பார்த்து வளர்ந்தவள். அவர்களைக் கண்டால் கொழுந்து எடுப்பவர்கள் கையசைப்பார்கள். இவள் மட்டும், "அதுக்குள்ள என்னதான் அத்தை வச்சிருக்காங்க?" என்று கேட்பாள். பரீட்சை முடிந்ததும் தானும் அப்படி நடக்க வேண்டும் என்றாள். பூனாகலை வழியாகப் பண்டாரவளைக்கு. பஸ்ஸில் ஏறினால் மதியத்துக்குள் போய்விடக்கூடிய ஊர்தான். அவளுக்கோ கூடாரம் போட்டு ஓர் இரவு தங்கிப் போக வேண்டும். "வழியில யார் வீட்டுலயும் சாப்பிடக் கூடாது. முதுகுல தூக்கிட்டுப் போறதைத்தான் சாப்பிடணும்," என்று நிபந்தனை வேறு.

நான் தேங்காய், மரக்கறி, அரிசி, பருப்பு, வைக்கோல் சுற்றிய முட்டை என்று அடுக்கினேன். பையைத் தூக்கிப் பார்த்தவள் அப்படியே பின்னால் சாய்ந்தாள். அதுவரை பேசாமல் பார்த்துக்கொண்டிருந்த அண்ணி, "நானும் வரட்டா?" என்றார். மகள் தோளைக் குலுக்கினாள். அண்ணி என் பையைப் பிரித்து எல்லாவற்றையும் வெளியே எடுத்தார். தேங்காய்க்குப் பதில் தேங்காய்ப்பால் மா. பச்சை மரக்கறிக்குப் பதில், காய்ந்து சுருங்கிப் போன கரட், போஞ்சித் துண்டுகள். நெத்தலிக் கருவாடு. கறுத்துக் கல்லாகிப் போன காய்ந்த எலுமிச்சங்காய். கடைசியில் அந்த டின். வீட்டையே தண்ணீர் வற்ற வைத்துப் பைக்குள் போட்டது போல இருந்தது. மகள் பையை மாட்டிக்கொண்டு முற்றத்தில் குதித்துப் பார்த்தாள். பையைக் கழற்றவில்லை.

நாங்கள் புறப்பட்ட அன்று பின்னேரம் மழை பிடித்துக்கொண்டது. பாதையோரக் கொழுந்து மடுவத்தில் ஒதுங்கினோம். கொழுந்து நிறுக்கும் நேரம் முடிந்து ஆட்கள் போய்விட்டிருந்தார்கள். சிமெந்துத் தரையில் நசுங்கிய பச்சை இலைகளின் வாசம். பசி காதை அடைத்தது. கையடக்க காஸ் அடுப்பைப் பற்றவைத்து, நான்தான் முந்திக்கொண்டு தூளில் தண்ணீரை ஊற்றி அவசரமாய்க் கிண்டி, சூடான சட்டியில் கொட்டினேன். மஞ்சள் மணல் கிடைத்தது. மகள் ஒரு வாய் மென்றுவிட்டு, "நான்தான் சொன்னேனே, பொய்னு," என்றாள்.

அண்ணி சிரித்தார். கிண்ணத்தைக் கழுவி, தூளை எடுத்து, தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குழைத்தார். பிறகு தண்ணீரைக் கூட்டிக் கரைத்து மூடி வைத்தார். மகள் கிண்ணத்தருகே குந்தினாள்.

"ஏன் மூடி வச்சிருக்கீங்க?"

"தூள் தண்ணியக் குடிக்கணும்ல. ரொம்ப நேரமும் வைக்கக் கூடாது. தண்ணி பட்டுட்டா அது பச்ச முட்டை மாதிரிதான், கெட்டுப் போயிரும்."

"இதையெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாரும் இல்ல. குளிர் காலத்துல அந்த வீட்டுக்காரங்க பாலைவனத்துக்குப் போயிக் கூடாரம் போடுவாங்க. நானும் போகணும். மொத தடவ நானும் உங்க அத்தை மாதிரி மணல்தான் கிண்டினேன்."

"பாலைவனத்துலயா? நீங்களா?" அவள் குரலில் அப்போதுதான் ஒரு வெளிச்சம் வந்தது. அங்கே இரவில் குளிருமா, தண்ணீர் எங்கிருந்து வரும், பாம்பு உண்டா என்று அடுக்கிக்கொண்டே போனாள். அண்ணி ஊறிய கரட்டைப் பிழிந்து நறுக்கியபடி பதில் சொன்னார். இத்தனை வருடத்தில் நானும் இவற்றைக் கேட்டதில்லை என்பது எனக்கு அங்கேதான் உறைத்தது.

"அங்க பிள்ளைங்க இருக்காங்களா?"

"மூணு பேரு. சின்னவனுக்கு உன் வயசு. அவனுக்குப் பச்சமிளகா ஆகாது, முட்டைக்கு வெங்காயம் மட்டும் போடணும்."

கூரைத் தகரத்தில் மழை கொட்டியது. மகள் குனிந்து தரையிலிருந்த ஓர் இலையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, "எனக்கு என்ன போடணும்?" என்று கேட்டாள்.

அண்ணியின் கத்தி நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்குத் தெரியும், பதில் வாய் வரைக்கும் வந்துவிட்டது. சொல்லாமல் வெளியே மழையைப் பார்த்தேன்.

"எனக்குத் தெரியாதும்மா," என்றார் அண்ணி. "நீதான் சொல்லணும்."

அவள் சொன்னாள். ஒவ்வொன்றாக, நிதானமாக, சின்னப் பிள்ளைக்குப் பாடம் சொல்வது போலச் சொன்னாள். அண்ணி தலையாட்டிக்கொண்டே நறுக்கினார். சட்டியில் அது நிஜமாகவே முட்டையாகப் பொங்கி எழுந்தபோது மகள் கைதட்டினாள். ஓரம் கொஞ்சம் ரப்பராக இருந்தது. மூன்று பேரும் சட்டியை வழித்துச் சாப்பிட்டோம்.

லீவு முடிந்ததும் அண்ணி திரும்பிப் போனார். எடுத்திருந்த வீட்டுக் கடனை அடைக்க அவர் போக வேண்டியிருந்தது, மகளும் தடுக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு தொலைபேசி என் கைக்கு வருவது குறைந்தது. அங்கே இன்றைக்கு என்ன வெயில், என்ன சமையல், ஜன்னலைத் திறந்தால் என்ன தெரியும் என்று அவள் கேட்டுக்கொண்டே இருப்பாள். நான் அடுப்படியில் பருப்பைக் கிண்டியபடி பாதிப் பேச்சைக் கேட்பேன்.

போன வருடம் அண்ணி ஒரேயடியாக வந்துவிட்டார். மகள் பதுளையில் வேலைக்குப் போகிறாள். சென்ற மாதம் நீண்ட விடுமுறை ஒன்று வந்தது. இருவரும் கூடத்தில் பாயை விரித்துப் பைகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். நானும் மலை நடைக்குப் போடும் என் சப்பாத்தைத் தேடி எடுத்துத் தூசி தட்டினேன். அவள் அதைப் பார்த்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அத்தை, இந்த வாட்டி நானும் அம்மாவும் மட்டும் போயிட்டு வரட்டா?" என்றாள்.

"போயிட்டு வாங்க," என்றேன்.

விடிந்ததும் புறப்பட்டார்கள். வளைவு வரைக்கும் இரண்டு பைகளும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு போயின. அப்படி என்னதான் பேசிக்கொண்டு போகிறார்கள் என்று அறிய எனக்கு ஆசையாக இருந்தது. சப்பாத்தை மறுபடி எடுத்து வைத்துவிட்டு, எனக்கு மட்டும் தேத்தண்ணீர் போட்டேன்.