எழுபத்தொரு கிலோ

பரமத்தி வேலூர் பக்கத்தில் அபிநயாவுக்கு இருபதாயிரம் கோழிகளும் ஒரு கணவனும் ஒரு மாமியாரும் உண்டு. கடல்தான் கிடையாது. சென்னையில் படித்தபோது என்.சி.சி. கடற்படைப் பிரிவில் சேர்ந்து பாய்மரப் படகுப் பந்தயங்களில் கலந்துகொண்டவள் அவள். சுக்கான் தோழி ஷாலினி கையில், முன்பாயின் கயிறு இவள் கையில். காற்று படகை ஒரு பக்கம் சாய்த்தால் இவள் மறுபக்கம் உடம்பை வெளியே போட்டு, தண்ணீருக்கு மேலே மல்லாந்து தொங்கி நிமிர்த்த வேண்டும். அப்போது அவள் எடை நாற்பத்தெட்டு கிலோ.

கல்யாணமான புதிதில் இதை மாமியார் அத்தாயியிடம் ஆசை ஆசையாகச் சொன்னாள். காவிரிப் பரிசலைத் தவிர வேறு எதையும் கண்டிராத அத்தாயி, “படகுல பாய் எதுக்குச் சாமி, படுத்துக்கவா?” என்று கேட்டார். அன்றோடு அந்தப் பேச்சை விட்டாள். ஆசையைத்தான் விட முடியவில்லை. கோழிச் செட்டின் பக்கவாட்டில் தொங்கும் சாக்குப் படுதாவைக் கயிறு இழுத்து ஏற்றி இறக்கும் வேலையை, ஆள் இருந்தும் யாருக்கும் கொடுக்கமாட்டாள். காற்று எந்தத் திசையில் திரும்புகிறது என்பது அவள் கன்னத்துக்குத் தெரியும்.

படகை விட்டுப் பதினோரு வருடம் கழித்து, போன மாசியில் ஷாலினி சென்னையிலிருந்து போனில் கூப்பிட்டாள். “ஞாயித்துக்கிழமை இங்க ரேஸ். என்கூட ஏற ஆள் இல்லடி, வர்றியா?”

“போய்ட்டு வா அபி,” என்றான் கணவன் சிவபிரகாஷ். “ரெண்டு நாள் நீ இல்லீன்னா கோழி முட்ட போடாதா என்ன?”

அவளைத் தடுத்தது தீவன மூட்டை நிறுக்கும் தராசு. ஆட்கள் சாப்பிடப் போன நேரம் பார்த்து ஏறி நின்றாள். எழுபத்தொன்று. சென்னையில் ஞாயிறன்று காற்று மந்தம் என்று போன் காட்டியது. மந்தக் காற்றில் கனத்த ஆள் ஏறினால் படகு நகராது. தன்னால் ஷாலினி தோற்கக் கூடாது. “பண்ணையில வேலைடி, வர முடியாது,” என்று பொய் சொன்னாள்.

ஞாயிறு சாயங்காலம் படுதாவை ஏற்றப் போனபோது ஷாலினி மறுபடியும் கூப்பிட்டாள்.

“காத்து பிச்சு எடுத்துடுச்சுடி! ஒல்லியா ஒரு காலேஜ் பொண்ணக் கூட்டிட்டுப் போனேன். படகு சாஞ்சப்ப அவளால நிமிர்த்த முடியல. முதல்ல போயிட்டிருந்தோம், கவுந்துட்டோம். கொஞ்சம் கனமான ஆள் இருந்திருந்தா கப்பு நமக்குதான்.”

“எத்தன கிலோ இருக்கணும்?”

“எழுபது இருந்தாப் போதும்டி.”

அபிநயா போனை வைத்துவிட்டுக் கயிற்றைப் பிடித்தாள். ஆற்றுப் பக்கமிருந்து வந்த காற்றில் படுதா புடைத்தது. செட்டின் கல்தூணில் காலை ஊன்றி, மல்லாந்து, உடம்பு முழுவதையும் பின்னால் போட்டாள். கயிறு இறுகி, புடைத்த படுதா அடங்கி அசையாமல் நின்றது.

“தனியா ஏன் சாமி மல்லுக்கட்டறே, ஆளக் கூப்புடு,” என்றார் அந்தப் பக்கம் வந்த அத்தாயி.

“வேண்டாங்க அத்தை. என்ற வெயிட்டே போதுமுங்க,” என்றாள் கயிற்றை விடாமல்.